கல்லிலே பூத்த எழுத்து!

தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

தமிழை அரபு எழுத்திலும் எழுதினார்கள். கடிதம் எழுதினார்கள். பாட்டு எழுதினார்கள். தடித்த தடித்த புத்தகங்களும் எழுதினார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கீழக்கரைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். "எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கிதாபு இருக்கிறது" என்று சொல்பவர்கள் அந்த ஊரில் இன்னும் உண்டு.

புத்தகத்தைத் திறந்தால் வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக எழுத்து ஓடும். பார்த்தால் அரபு. வாய்விட்டுப் படித்தால் சுத்தமான தமிழ்! இதற்கு "அரபுத் தமிழ்" என்று பெயர். "அர்வி" என்றும் சொல்வார்கள்.

இந்த எழுத்து எழுதுகோலைக் கண்டது. காகிதத்தைக் கண்டது. கல்லைக் கண்டது. இப்போது கம்ப்யூட்டரையும் கண்டுவிட்டது. ஒவ்வொரு புதுப் பொறி வந்தபோதும் ஒரே கேள்விதான் எழுந்தது.

பொறிக்காக எழுத்து வளைய வேண்டுமா? எழுத்துக்காகப் பொறி வளைய வேண்டுமா?

அந்தக் கேள்விக்கு நம் மக்கள் என்ன பதில் சொன்னார்கள்? அதுதான் இந்தக் கதை.

கடற்கரைப் பட்டினம்

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது கீழக்கரை. முத்துக்கும் சங்குக்கும் பெயர் போன ஊர். மரக்கலம் ஏறி இலங்கைக்கும் மலாயாவுக்கும் வாணிபம் செய்யப் போனவர்களின் ஊர். இறந்த பிறகும் கொடுத்தார் என்று நாடு புகழும் வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான்.

கடல் வாணிபத்தில் அரபு நாட்டாரோடு நெடுங்காலப் பழக்கம். வீட்டிலே பேசும் மொழி தமிழ். ஓதும் மொழி அரபு. குழந்தை முதலில் கற்ற எழுத்து, குர்ஆன் ஓதுவதற்கான அரபு எழுத்து.

"தெரிந்த எழுத்தைக் கொண்டே தெரிந்த மொழியை எழுதினால் என்ன?" அப்படிப் பிறந்ததுதான் அரபுத் தமிழ்.

இன்னொரு காரணமும் உண்டு. அரபு மொழியில் "ஹ" போன்ற ஒலிகளிலும் "ச" போன்ற ஒலிகளிலும் பல வகை உண்டு. அவற்றைத் தமிழ் எழுத்தில் வேறுபடுத்தி எழுத முடியாது. மார்க்க நூலில் ஒலி மாறினால் பொருளும் மாறும். அரபுச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத இந்த எழுத்து வசதியாக இருந்தது.

கீழக்கரையில் இந்த எழுத்துக்குப் பெரும் புகழ் சேர்த்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம். இமாமுல் அரூஸ் என்றும் அவரைச் சொல்வார்கள். அவர் வாழ்ந்த காலம் 1816 முதல் 1898 வரை. கீழக்கரை அரூஸிய்யா மதரஸாவில் பாடம் சொன்னார். இலங்கைக்கும் போய்த் தொண்டு செய்தார். அரபிலும் அரபுத் தமிழிலும் நூல்கள் எழுதினார். அந்த நூல்கள் கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பரவின.

ஒரு புள்ளி செய்த வேலை

அரபு மொழியில் "ப" இல்லை! "ங" இல்லை! "ழ" இல்லை! அப்படியானால் தமிழை எழுதுவது எப்படி?

நம்மவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். புதிதாக உருவம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற அரபு எழுத்துக்குப் புள்ளி சேர்த்தார்கள். அவ்வளவுதான்.

"ஃப" என்று ஒலிக்கும் அரபு எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தார்கள். "ப" கிடைத்தது. "காஃப்" என்ற எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தார்கள். "தங்கம்" என்று சொல்லும்போது கடைசியில் மெதுவாக வருமே ஒரு "க", அந்த ஒலி கிடைத்தது. "ஐன்" என்ற எழுத்தின் கீழே மூன்று புள்ளி வைத்தார்கள். "ங" கிடைத்தது.

உயிரெழுத்துக்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. அரபில் அ, இ, உ மூன்றுக்கும்தான் குறி உண்டு. எ, ஒ இரண்டுக்கும் கிடையாது. அவற்றுக்கும் புதுக் குறிகள் அமைத்தார்கள்.

எழுதுகோலைப் பிடித்து எழுதும்வரை ஒரு தொல்லையும் இல்லை. அச்சு வந்தது. தொல்லையும் வந்தது!

ஈயத்துக்கு வந்த சோதனை

இந்திய மொழிகளில் முதன்முதல் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது தமிழ்தான். 1578-ம் ஆண்டு கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சானது. 16 பக்கம் உள்ள சிறு புத்தகம். அச்சிட்டவர் அண்டிரிக் அடிகளார் என்ற போர்ச்சுக்கல் பாதிரியார். முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களிடையே பணி செய்தவர் அவர்.

பின்னர் தரங்கம்பாடியில் ஓர் அச்சுக்கூடம் ஏற்பட்டது. ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரிலிருந்து 1713-ல் தமிழ் எழுத்துக்கள் வந்து இறங்கின. ஆனால் எழுத்து மிகப் பெரிது! அதில் அச்சிட்டால் காகிதத்துக்கே சொத்து கரைந்துவிடும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

ஈய எழுத்து என்றால் என்ன? ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சிறு உலோகக் கட்டை. அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தால் வரி. வரிகளைச் சேர்த்துக் கட்டினால் பக்கம்.

தமிழ் எழுத்து தனித்தனியாக நிற்கும். ஆகையால் கட்டைக்குள் அடங்கிவிட்டது. அரபு எழுத்து அப்படி அல்ல. அது கைகோத்து நடக்கும் எழுத்து. சொல்லின் முதலில் வந்தால் ஓர் உருவம். நடுவில் வந்தால் வேறு உருவம். கடைசியில் வந்தால் மற்றோர் உருவம். தனியே நின்றால் இன்னோர் உருவம். பெரும்பாலான எழுத்துக்கு இப்படி நான்கு முகம்!

போதாததற்கு மேலே குறி, கீழே குறி. அரபுத் தமிழில் அதற்கும் மேல் கூடுதல் புள்ளிகள். இவ்வளவுக்கும் ஈயக் கட்டை வார்ப்பதென்றால் செலவு என்ன ஆகும்? கோப்பவர் படும் பாடு என்ன ஆகும்?

துருக்கித் தலைநகரிலே இப்ராஹீம் முத்தஃபர்ரிகா என்பவர் 1729-ல் அரபு எழுத்தில் ஈய அச்சுப் புத்தகம் வெளியிட்டார். அவருக்குச் சுல்தானின் ஆதரவு இருந்தது. கீழக்கரை ஆலிம்களுக்குச் சுல்தான் யார்? மலிவான வேறு வழி வேண்டும். அந்த வழி கல்லாக வந்தது!

சலவைக் கணக்கிலிருந்து ஓர் அச்சு

ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்று ஒருவர் இருந்தார். நாடகம் எழுதுகிறவர். எழுதிய நாடகத்தை அச்சிடப் பணம் இல்லை. குறைந்த செலவில் அச்சிட என்ன வழி என்று ஓயாமல் தேடினார்.

ஒருநாள் சலவைக்குப் போட்ட துணிக்கணக்கை எழுதக் கையில் காகிதம் இல்லையாம். பக்கத்தில் கிடந்த வழவழப்பான கல்லிலே எழுதினாராம். அதிலிருந்து பிறந்தது யோசனை என்று சொல்வார்கள். 1796-ல் கல்லச்சு உருவாயிற்று.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது. இது நம் வீட்டுச் சமையலறையிலேயே தெரிந்த உண்மை. கல்லச்சின் ரகசியம் முழுவதும் இதுதான்.

வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் எண்ணெய்ப் பசை உள்ள மையால் எழுத வேண்டும். பிறகு பிசினும் மென்மையான திராவகமும் பூசிப் பதப்படுத்த வேண்டும். கல்லை நீரால் நனைத்தால், எழுத்து இல்லாத இடம் நீரை ஏற்கும். எழுத்து உள்ள இடம் நீரைத் தள்ளும். இப்போது எண்ணெய் மையை உருளையால் உருட்டினால் எழுத்தில் மட்டும் மை ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் பக்கம் தயார்!

கல்லில் நேராக எழுதினால் காகிதத்தில் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழுமே? அதற்கும் வழி கண்டார்கள். பசை பூசிய தனிக் காகிதத்தில் நேராகவே எழுதினார்கள். அதைக் கல்லில் கவிழ்த்து அழுத்தினார்கள். எழுத்து கல்லுக்கு மாறியது.

1820-களில் கல்லச்சு இந்தியாவுக்கு வந்தது. 1835-ல் அச்சுக்கூடங்கள் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பம்பாய், சென்னை, கொழும்பு முதலிய நகரங்களில் அரபு எழுத்துப் புத்தகங்கள் கல்லச்சில் வெளிவரலாயின.

கையெழுத்தே அச்செழுத்து!

ஈயக் கட்டை வேண்டாம். நான்கு முகத்துக்கும் நானூறு கட்டை வேண்டாம். நல்ல கையெழுத்து உள்ள ஒருவர் இருந்தால் போதும். அவருக்குக் "காத்திபு" என்று பெயர். நாணல் எழுதுகோலால் அவர் எழுதுகிறபடியே புத்தகம் அச்சாகும். புள்ளி கூட்ட வேண்டுமா? கூட்டலாம். ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டுமா? எழுதலாம். அரபு வரிக்குக் கீழே அதன் தமிழ்ப் பொருளைச் சிறியதாக எழுத வேண்டுமா? தாராளமாக எழுதலாம்.

இங்கே எழுத்து பொறிக்கு வளையவில்லை. பொறிதான் எழுத்துக்கு வளைந்தது!

இதனால் நன்மை யாருக்கு? கையெழுத்துப் பிரதியாக ஆலிம்களின் வீட்டில் மட்டும் இருந்த நூல், சாதாரண வீட்டுக்கும் வந்தது. வெளியே பள்ளிக்கூடம் போகாத பெண்கள் வீட்டிலிருந்தே நூல் படித்தார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்குக் கீழக்கரையிலிருந்து மனைவி தன் கையாலேயே இந்த எழுத்தில் கடிதம் எழுத முடிந்தது. இவர்களை எழுத்தறியாதவர்கள் என்று சொல்வது தகுமா?

கல்லச்சில் குறையும் உண்டு. ஒரு நூல் அச்சாகி முடிந்தால் கல்லைத் தேய்த்து அடுத்த நூலுக்கு எடுத்துக்கொள்வார்கள். மறுபதிப்பு வேண்டுமானால் மறுபடியும் முழுவதும் எழுத வேண்டும். ஒரு காத்திபு ஒருவிதமாகப் புள்ளி வைப்பார். இன்னொருவர் வேறுவிதமாக வைப்பார்.

தமிழ் எழுத்து பட்ட பாடு

அந்தப் பக்கம் தமிழ் எழுத்துக்கு என்ன ஆயிற்று? அங்கே பொறி ஓரளவு வளைந்தது. எழுத்தும் ஓரளவு வளைந்தது.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. படிக்கிறவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அச்சு வந்தபிறகு புள்ளி நிலைத்தது. இது பொறி நமக்குச் செய்த நன்மை.

1930-களில் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்தார். 247 எழுத்துக்கு 247 விசை வைக்க முடியுமா? அவர் நகரா விசையைப் புகுத்தினார். அதைத் தட்டினால் குறி மட்டும் விழும், காகிதம் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். சில விசைகளால் பல எழுத்து!

1935-ல் பெரியார் தம் "குடி அரசு" இதழில் சில எழுத்துக்களின் உருவத்தை மாற்றினார். முன்பெல்லாம் "ணை, லை, ளை, னை" நான்கும் யானைத் துதிக்கை போன்ற வளைவோடு இருந்தன. "ணா, றா, னா" மூன்றும் சுழித்து இருந்தன. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்ற ஆறும் அப்படியே. ஆக 13 எழுத்துக்கள். இவற்றுக்குத் தனிக் கட்டை தேவை இல்லாதபடி சீர்திருத்தினார். 1978-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசு இதை ஏற்று ஆணையிட்டது. இன்று நீங்கள் படிப்பது அந்தச் சீர்திருத்த எழுத்தைத்தான். தாத்தா காலத்துப் புத்தகத்தைப் பேரன் எடுத்தால் அந்த 13 எழுத்தில் சற்றே தடுமாறுவான். பிறகு பிடித்துக்கொள்வான்.

அலமாரிக்குப் போன கிதாபு

20-ம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்கள் பெருகின. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் தமிழ் எழுத்தைக் கற்றார்கள். அப்துல் ஹமீது பாக்கவியின் குர்ஆன் தமிழாக்கம் தமிழ் எழுத்திலேயே வந்தது. மார்க்க நூல்களும் பத்திரிகைகளும் தமிழ் எழுத்தில் மலிவாகக் கிடைத்தன. இது நல்ல மாறுதல்தான். ஆனால் அரபுத் தமிழ் மெல்ல மெல்ல அலமாரிக்குள் போயிற்று.

இந்த நிலை எல்லா இடத்திலும் ஏற்பட்டதா? இல்லை. உருது மொழியைப் பாருங்கள். அதன் சாய்ந்து இறங்கும் எழுத்தும் ஈயக் கட்டைக்குள் அடங்க மறுத்தது. சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கிய "முசல்மான்" என்ற உருது நாளிதழ், காத்திபுகள் கையால் எழுதியே நெடுங்காலம் வெளிவந்தது. பாகிஸ்தானில் மிர்ஸா அகமது ஜமீல் என்பவர் ஆயிரக்கணக்கான எழுத்துக் கூட்டுக்களைத் தாமே வரைந்து கொடுத்தார். அதைக் கொண்டு 1981-ல் லாகூரில் "ஜங்" நாளிதழ் கம்ப்யூட்டர் எழுத்தில் வந்தது.

உருதுவைத் தினமும் படிக்கக் கோடிக்கணக்கானவர்கள் இருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் முன்வந்தன. அரபுத் தமிழுக்கு அந்தக் கூட்டம் இல்லை. பழைய கிதாபை மறுபடியும் அச்சிட விரும்பியவர்களுக்குக் கைகொடுத்தது "ஆஃப்செட்" அச்சு. பழைய பக்கத்தைப் படம் பிடித்து, உலோகத் தகட்டில் ஏற்றி, அப்படியே அச்சிட்டுவிடலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஃப்செட்டும் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்ற அதே தத்துவத்தில் ஓடுவதுதான். கல்லுக்குப் பிறந்த பிள்ளைதான் அது!

1993-ல் கீழக்கரையைச் சேர்ந்த அறிஞர் தைக்கா சுஐபு ஆலிம், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அரபு, அர்வி, பாரசீக மொழிகள் வளர்ந்த வரலாற்றை ஆங்கிலத்தில் பெருநூலாக வெளியிட்டார். மறந்துபோன எழுத்தைப் பற்றி உலகம் அறிய அது உதவிற்று.

2227, 2228

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஆகவே உலகத்து எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்க ஏற்பட்டது "யூனிகோடு" என்ற ஏற்பாடு. 1991-ல் அதன் முதற் பதிப்பு வந்தது. நம் "அ"வின் எண் 2949. உலகத்தின் எந்த மூலையில் அந்த எண் போனாலும் "அ" என்றே தெரியும்.

எண் இல்லாத எழுத்துக்கு என்ன கதி? கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது பிறக்கவே இல்லை! படமாகப் பிடித்துப் போடலாம். ஆனால் தட்டெழுத முடியாது. தேட முடியாது. திருத்த முடியாது. சிறு திரையில் பெரிதாக்கிப் படிக்கச் சொற்களைப் பிரித்தமைக்கவும் முடியாது.

அரபுத் தமிழின் எழுத்துக்களில் பலவற்றுக்கு வேறு மொழிகளின் தயவால் எண் கிடைத்திருந்தது. சிந்தி, பாரசீகம், மலாய் என்று பல மொழிகள் அரபு எழுத்தைப் புள்ளி கூட்டிப் பயன்படுத்தியவை அல்லவா? ஆனால் இரண்டு எழுத்துக்குக் கிடைக்கவில்லை. மூன்று புள்ளி வைத்த "ங". ஒரு புள்ளி வைத்த மெல்லிய "க". அதாவது "தங்கம்" என்ற சொல்லைக்கூட ஒழுங்காக எழுத முடியாது!

2015-ல் வந்த யூனிகோடு 8-ம் பதிப்பில் அந்த இரண்டும் சேர்ந்தன. "ங"வுக்கு 2227. "க"வுக்கு 2228. அர்விக்காகச் சேர்த்தவை என்று அட்டவணையிலேயே குறித்திருக்கிறார்கள். கல்லிலே காத்திபு வைத்த புள்ளி, எண்ணாகிப் பிழைத்துக்கொண்டது!

இனி எழுத்து வரைவோர் வேலை

எண் கிடைத்தால் போதுமா? போதாது. எண் என்பது வீட்டுக்கு இலக்கம் போட்டது மாதிரி. வீட்டைக் கட்ட வேண்டாமா? அந்த எண்ணுக்கு உருவம் வரைந்து கொடுப்பது எழுத்துரு வடிவமைப்பவர்கள் வேலை.

இங்கேதான் பழைய தொல்லை புது வேஷத்தில் வருகிறது. "ஐன்" எழுத்தின் கீழே மூன்று புள்ளி. அதே எழுத்துக்கு "இ" குறி வைத்தால் அதுவும் கீழேதான் வரும். இரண்டும் இடித்துக்கொள்ளும். பக்கத்து எழுத்தின் வாலும் கீழே நீண்டு வந்தால் மும்முனைச் சண்டை!

காத்திபு என்ன செய்வார்? கண்ணால் பார்த்துப் புள்ளியைச் சற்றுத் தள்ளி வைப்பார். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. "இப்படி வந்தால் இவ்வளவு தள்ளு, அப்படி வந்தால் இவ்வளவு இறக்கு" என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி வைக்க வேண்டும். அரபு எழுத்தால் எழுதும் பல மொழிகளுக்கென்றே "ஷெஹரசாத் நியூ" போன்ற எழுத்துருக்களை வடித்து இலவசமாகத் தருகிறார்கள். நல்ல எழுத்துருவாளர் விதி எழுத உட்காருமுன் பழைய கல்லச்சுப் பக்கங்களை உற்றுப் பார்ப்பார். காத்திபின் கை எங்கே நகர்ந்தது என்று கவனிப்பார். அந்தக் கைதான் அவருக்குப் பாடப் புத்தகம்.

என்ன செய்யலாம்?

பொறி தயார். எண் தயார். எழுத்தும் தயார். படிக்க ஆள் வேண்டுமே!

கீழக்கரைப் பிள்ளைகள் குர்ஆன் ஓத அரபு எழுத்தைக் கற்கிறார்கள். பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். பூட்டும் அவர்களிடம் இருக்கிறது. சாவியும் அவர்களிடமே இருக்கிறது. கூடுதல் புள்ளிகளையும் சில குறிகளையும் கற்றுக்கொண்டால் பூட்டு திறந்துவிடும்.

வீட்டில் பழைய கிதாபு இருந்தால் பழைய காகிதக்காரரிடம் போடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கடற்கரைக் காற்றின் உப்பும் கரையானும் காகிதத்துக்குப் பகை. கைப்பேசியிலேயே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் பேரப்பிள்ளையை உட்கார வைத்து ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கல்லைத் தேய்த்து அடுத்த புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதனால் எழுத்து அழியவில்லை, காகிதத்தில் தங்கிற்று. காகிதம் மட்கினாலும் இனி எண்ணாகத் தங்கும். படிக்கிற வாய் நின்றுபோனால் மட்டும் எந்தப் பொறியாலும் காப்பாற்ற முடியாது.